மாவுக் கட்டு

ஈராக்கின் சுலைமானியாவில் புதைகுழி எலும்புகளை ஆராயும் டாக்டர் ஷிலான் மனிதர் பேச்சை நம்பமாட்டாள். எலும்பை மட்டுமே நம்புவாள். சிறைமுகாம் ஒன்றின் புதைகுழியில் கிடைத்த ஒரு பையனின் இடக்கை எலும்பு முறிந்திருந்தது. கூடியதற்கான தடமே இல்லை. கையை முறித்த அன்றே கொன்றிருக்கிறார்கள் என்று முகாம் அதிகாரிக்கு எதிராக, எலும்பின் எக்ஸ்ரே படத்தையும் சேர்த்து அறிக்கை எழுதினாள்.

பையனின் தாய் கெஜால், எலும்புக்குக் கட்டுப் போடும் குடும்பத்துக்காரி. மகனோடு கொஞ்ச நேரம் இருக்கவேண்டும் என்று அழுதவளை, விதியை மீறி ஷிலான்தான் உள்ளே விட்டாள். கெஜால் முட்டையும் மாவும் குழைத்து அந்த எலும்புக்குக் கட்டுப் போட்டுவிட்டுப் போனாள். அதைப் பிரிக்க ஷிலானுக்கு மனம் வரவில்லை.

நாற்பதாம் நாள் நீதிமன்றத்தில் பிரித்தாள். முறிவு கூடியிருந்தது.

"படத்துல முறிஞ்சிருக்கு, கையில கூடியிருக்கு. நான் எதை நம்புறது டாக்டரம்மா?" என்றார் நீதிபதி.

ஷிலான் இருபது வருடம் நம்பிய எலும்பு காலை வாரிவிட்டது. விடுதலையான அதிகாரி மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனான்.

வாசலில் கெஜால் ஷிலானின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோணல் இல்லாம கூடியிருக்கா மகளே? சின்ன வயசுலயிருந்தே அவனுக்கு எலும்பு சீக்கிரம் கூடிரும்."