சராசரியில் தெரியாதது

குறைமாதக் குழந்தைகளின் இதயத்துடிப்பைப் பதிந்துவைக்க இரண்டு தரவுத்தளங்களில் ஒன்றை அமுதவல்லி இன்று தேர்ந்தெடுக்க வேண்டும். சோதனைக்குத் தன் மகள் இன்குபேட்டரில் இருந்த நாட்களின் பதிவையே ஏற்றியிருந்தாள். முதலாவது, இடத்தை மிச்சப்படுத்த எல்லாவற்றையும் மணிக்கொரு சராசரியாக்கியது. திரையில் துடிப்பின் கோடு அமைதியாக ஓடியது. இரண்டாவது ஒவ்வொரு நொடியையும் வைத்திருந்தது. அதில் ஓரிடத்தில் கோடு சரிந்துகொண்டே போய், அடியைத் தொடும் முன் மேலேறியது.

"இங்க என்னங்க ஆச்சு?" என்றாள், அலுவலகத்திலிருந்து அழைத்துப்போக வந்த கணவனிடம்.

அவன் திரையில் நேரத்தைப் பார்த்தான். "நீ மயக்கத்துல இருந்த. நர்ஸம்மா என்னைக் கூப்பிட்டு, விரலைக் குடுங்க சார்னாங்க. பாப்பா பிடிச்சுக்கிட்டா. நீ பயந்துடுவேன்னு சொல்லல."

"எந்த விரலு?"

"சுண்டுவிரல்தான். மத்ததெல்லாம் அவளுக்குப் பெருசுல்ல."

அமுதவல்லி முதல் தரவுத்தளத்தின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, அந்தச் சுண்டுவிரலை முதன்முறையாகப் பார்ப்பவள்போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.