ஐம்பது லட்சம் முட்டை

எல்லாரும் சௌக்கியந்தானே? நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் அப்புசாமி, முட்டைத் தொழில் செய்பவனுக்குத்தான் மகள் மதுமதியைக் கொடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவள் விரும்பிய குமரகுருவோ ஆராய்ச்சி மாணவன். துணிந்து பெண் கேட்டு வந்தான்.

"நானும் முட்டைத் தொழில்தானுங்க மாமா. அம்பது லட்சம் வெச்சிருக்கேன்."

மீன் நாற்றமடித்த காபியைக் குடித்துக்கொண்டிருந்த அப்புசாமிக்குப் புரையேறியது. "அத்தனையும் கெட்டுப்போவாதுங்களா?"

"வருசக்கணக்கா கெடாதுங்க. உப்புத் தண்ணியில போட்டா மறுநாளே குஞ்சு பொரிச்சிருமுங்க."

"ஷெட்டு எங்கீங்க?"

"ஷெட்டெதுக்குங்க? உப்புத்தண்ணி எறா முட்டைங்க, மீன்குஞ்சுக்குத் தீனி, தூளாட்ட இருக்கும். டப்பாவ இங்கதான் வெச்சேன்... காணமே!"

மனைவி குப்பாயி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அய்யோ சாமி, அது காபித்தூள் இல்லீங்களா? டப்பாவோட கொட்டிட்டனே!"

அப்புசாமி காலி டம்ளரைப் பார்த்தார். பிறகு மீசையைத் தடவினார்.

"ஏம்புள்ள, இந்த ஊருல எந்தப் பண்ணைக்காரனாச்சும் ஒரே டம்ளர்ல அம்பது லட்சம் முட்டை குடிச்சிருக்கானா? மாப்பிள்ளைக்கு இலையப் போடு!"

உங்கள் வீட்டில் பெண் கேட்டு வந்த கூத்தையும் எனக்கு எழுதுங்கள்.