ஆனிங் திறப்பு விழா

வாடகை நாற்காலிகள் முப்பதும் வாசலில் வந்து இறங்கிவிட்டன. சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் ஹரிகிருஷ்ணன் காலையிலேயே போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது. உள் அறையில் அப்பா கொளஞ்சி கண்மூடிக் கிடந்தார். விளக்குப் போடுவதுதான் பாக்கி.

"சார், வெள்ளை வேணாம் சார். மஞ்சள் ஸ்ட்ரிப் ஒட்டிடறேன்" என்றான் ஏணியில் நின்ற எலக்ட்ரீஷியன் செம்மல்.

"யோவ், பாரிஸ்ல என் மச்சான் வண்டியில வெள்ளைதான்யா. பளிச்சுனு இருக்கணும்."

"பாரிஸ்ல சரி சார். நம்ம மூலக்குளத்துல துணிக்குக் கீழ வெள்ளை லைட்டப் போட்டு, சேரையும் வரிசையாப் போட்டா..."

"முத்தியால்பேட்டையில ட்யூப்லைட் மாட்டறவன், எனக்குக் கேம்பர்வேன் பத்திக் கிளாஸ் எடுக்கறான்! ஒட்டுய்யா."

செம்மல் வெள்ளை எல்இடியையே ஒட்டினான்.

விழா அந்த வண்டிக்குத்தான். ஓய்வுபெற்ற ஆபீஸ் சூப்பிரண்டு ஹரிகிருஷ்ணன் பழைய வேன் ஒன்றை வாங்கி, பக்கத்து மேட்டுப்பாளையத்து ஷெட்டில் போட்டு, உள்ளே கட்டில், அடுப்பு எல்லாம் வைத்துக் கேம்பர்வேன் ஆக்கியிருந்தார். அது இன்னும் பக்கத்தில் இருக்கும் வில்லியனூரைக்கூடப் பார்த்ததில்லை. அதன் பக்கவாட்டிலிருந்து இழுத்தால் விரியும் துணியைப் பந்தல் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ஆனிங் என்றுதான் சொல்ல வேண்டும். வண்டி வந்த வாரமே மனைவி கோபித்துக்கொண்டு கடலூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு தடவையாவது ஊர் தன் வாசலில் வந்து உட்கார வேண்டும். முக்கியமாக எம்எல்ஏ வர வேண்டும். மூன்று முறை போய்ப் பத்திரிகை வைத்தும், "எந்த ஹரி?" என்று கேட்டு அனுப்பிய எம்எல்ஏ.

செம்மல் கிளம்பியதும் அப்பாவின் அறைக்குப் போனார். "பெரிய மனுஷங்க வர்ற நேரம். இருமிக்கிட்டே இருக்காதீங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். கொளஞ்சி தலையாட்டினார். ஆலையில் மூன்று ஷிப்டும் பார்த்துப் படிக்க வைத்த மகன் சொல்லி அவர் எதையும் மறுத்ததில்லை.

ஆறு மணிக்கு விளக்கு எரிந்தது. ஆறரைக்கும் நாற்காலிகள் காலியாகவே இருந்தன. வெள்ளை வேட்டி சட்டையில் ஹரிகிருஷ்ணன் தனியாக, தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பின்தெரு செல்வாம்பாளின் ஸ்கூட்டி வாசலில் மெதுவாயிற்று. அவள் துணியைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஸ்கூட்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கால் மணி நேரத்தில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இருவர், ஐவர், பிறகு தெருவே வந்தது. யாரும் "வணக்கம்" சொல்லவில்லை, "நல்லாருக்கீங்களா" என்று கேட்கவில்லை. வந்தார்கள், கையைப் பிடித்தார்கள், உட்கார்ந்தார்கள். வண்டியின் கம்பீரத்தில் வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று ஹரிகிருஷ்ணன் பூரித்தார். முப்பது நாற்காலியும் போதவில்லை.

செல்வாம்பாள் மூக்கைச் சிந்திக்கொண்டு அருகில் வந்தாள். "நல்ல மனுஷன்ண்ணே. யார் வம்புக்கும் போவாது அது. எப்பண்ணே எடுக்கறீங்க?"

"எதை?"

"ஐயாவத்தாண்ணே. கடலூர்லேருந்து அண்ணி வந்ததும்தானே?"

ஹரிகிருஷ்ணனுக்கு மெதுவாக உறைத்தது. மேலே பார்த்தார். விரித்த துணி, வெள்ளை வெளிச்சம். எதிரே வரிசை நாற்காலிகள். ஊரில் சாவு விழுந்த வீட்டு வாசல் எப்படி இருக்குமோ, அச்சாக அப்படியே இருந்தது. ரத்தம் தலைக்கேற, எல்லோரையும் எழுப்பி விரட்ட வாயைத் திறந்தார்.

அப்போதுதான் தெருமுனையில் கார் திரும்பியது.

எம்எல்ஏ இறங்கினார். பின்னால் ஆள் உயர ரோஜா மாலை, அதற்குப் பின்னால் போட்டோ எடுக்க இரண்டு பேர். சின்னத் தொகுதி. எந்த வீட்டில் சாவு என்றாலும் அரை மணியில் வந்து நிற்பவர் என்று அவருக்குப் பெயர்.

உட்கார்ந்திருந்த கூட்டம் எழுந்தது. எம்எல்ஏ நேராக வந்து ஹரிகிருஷ்ணனின் தோளை அணைத்துக்கொண்டார்.

"ஹரி சார், மனச விட்றாதீங்க. அவர் உங்களுக்கு மட்டுமா அப்பா? இந்தத் தொகுதிக்கே அப்பா."

ஹரி சார்! அத்தனை பேர் முன்னால்! திறந்த வாயை ஹரிகிருஷ்ணன் மூடிக்கொண்டார். போட்டோக்காரர் ஒருவர், விரிந்த ஆனிங்கும் தெரிகிற மாதிரி கோணம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ளதான் இருக்காரா? மாலையப் போட்டுடலாம் சார்."

"ஒரு நிமிஷம். உள்ள கொஞ்சம் ஒழுங்கு பண்ணிட்டுக் கூப்பிடறேன்."

உள்ளே போய்க் கதவைத் தாழிட்டார். அறையில் சத்தமே இல்லை. இருமல் இல்லை, முனகல் இல்லை. ஒரு கணம் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. கட்டிலருகே போய்க் குனிந்தார்.

கொளஞ்சி கண்ணைத் திறந்தார். "யார்றா வந்துருக்கறது? இம்மாங் கூட்டம், பேச்சுச் சத்தமே காணமே?"

வெளியே எம்எல்ஏ கதவை மெல்லத் தட்டினார்.

ஹரிகிருஷ்ணன் போர்வையை அப்பாவின் கழுத்து வரை இழுத்துவிட்டார். அப்பாவைக் கூப்பிட, முப்பது வருஷமாக நாகரிகம் கருதி விட்டிருந்த பழைய சொல் அவர் வாயில் தானாக வந்தது.

"அஞ்சே நிமிஷம் மூச்ச அடக்கிக்க, நைனா."