பல் டாக்டர் ஜோக்

நாளை என் மாலை வகுப்பில் மேடைப்பேச்சுத் தேர்வு. ஐந்து நிமிடம் பேசி, ஒரு தடவையாவது எல்லோரையும் சிரிக்க வைக்க வேண்டும். இரண்டு முறை தோற்றாயிற்று.

இம்முறை ஒத்திகைக்கு நான் பிடித்த ஆள் அம்மா. அவளுக்கு மறதி நோய். இன்று நான் உளறுவது நாளை அவளுக்கு நினைவிருக்காது. இந்த மாதிரி விஷயத்தில் மட்டும் என் மூளை நன்றாக வேலை செய்யும்.

தினமும் ஆறு மணிக்கு, "அம்மா, ஒரு பேச்சு கேக்கறியா?" என்பேன்.

"புதுசா? சொல்லு, சொல்லு."

பல் டாக்டர் ஜோக் வந்ததும் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். டைரியில் குறித்துக்கொள்வேன். இருபத்திரண்டு நாள், இருபத்திரண்டு சிரிப்பு. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

இன்று சிரித்தபோது அவள் மடியிலிருந்து ஓர் அட்டை நழுவியது. மாத்திரை, குளியல் எல்லாவற்றையும் அட்டையில் எழுதிவைத்துத்தான் அவள் பொழுதை ஓட்டுகிறாள். எடுத்துப் படித்தேன்.

'ஆறு மணி. பையன் பேசுவான். புதுசு மாதிரி கேட்கணும். பல் டாக்டர் வந்ததும் சிரிக்கணும். சிரிப்பு வராது. ஆனாலும் சிரி.'

"என்னம்மா இது?"

"சிரிக்க மறந்துட்டா நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவியேடா."

"அப்ப நாளைக்கு வகுப்புல யாரும்மா சிரிப்பாங்க?"

அம்மா பேனாவைத் திறந்தாள்.

"மொத்தம் எத்தனை பேருன்னு சொல்லு. ஆளுக்கொரு அட்டை எழுதித் தர்றேன்."