இடது காது இரைச்சல்

ஹெட்போனைச் செருகிப் பாட்டுக் கேட்கிற பெட்டி ஒன்று. அதன்மேல் ரெண்டு குழி, அதில் பழைய ரேடியோவில் இருக்கிற மாதிரி ரெண்டு கண்ணாடி வால்வு. வலது காதுக்குப் புதுசு, இடது காதுக்குப் பழசு. ஒருநாள் இடது காதில் கொர்ருன்னு இரைச்சல்.

“பெருசு, உன் தொண்டை போச்சு. இன்னிக்கு உனக்குக் குப்பைக்கூடைதான்!” என்றது புதுசு.

பழுது பார்க்கிற இருதயராஜ் ரெண்டையும் பிடுங்கி, இடம் மாற்றிச் செருகினார். வால்வு கெட்டிருந்தால் இரைச்சலும் அதோடு வலது காதுக்குப் போகணும். போகவில்லை, இடது காதிலேயே நின்றது. இப்போது அங்கே இருப்பது புதுசு.

“ஐயையோ, என்மேல பழி போடாதீங்க! இந்தக் குழிக்கு அடியில ஒயரோட ஈயப்பற்று விட்டு ஆடுது!” என்று கத்தியது.

இருதயராஜ் பெட்டியைக் கவிழ்த்து, ஒயரை ஈயத்தால் பற்றவைத்தார். இரைச்சல் நின்றது.

“அப்படியா தம்பி?” என்றது பழசு. “நான் உட்கார்ந்திருந்தப்ப அந்தக் குழி நல்லாத்தானே இருந்துச்சு, என் தொண்டைதானே போயிருந்துச்சு?”