எட்டு மணித் திட்டு

சர்க்கரையால் பழுதான சௌந்தரபாண்டியின் இதயத்துக்கு, நெஞ்சில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியே துடிப்பை அளந்து, அதற்கேற்ப மருந்து கொடுத்துவந்தது. மனைவி தவமணி திட்டும்போது துடிப்பு ஏறும், கூடவே மருந்தும் ஏறும். அவள் தங்கை வீட்டுக்குப் போன ஒரு வாரத்தில், திட்ட ஆளில்லாமல் மருந்து குறைந்து, மனிதருக்குக் கால் வீங்கி மூச்சு வாங்கியது. டாக்டர் சீட்டிலேயே எழுதிவிட்டார்: காலை எட்டு, இரவு எட்டு, பத்து நிமிடம் திட்டு.

தவமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் என்ன, குழாயைத் திறந்தால் கொட்டுகிற தண்ணீரா? ஆனாலும் உயிராயிற்றே என்று வேளை தவறாமல் திட்டினாள். அவரும் சப்பணமிட்டு உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

ஒருநாள் மாலை, அவருடைய ஹெல்மெட்டுக்குள் கால் கிலோ ஜாங்கிரி அகப்பட்டது.

"நீங்கல்லாம் ஒரு மனுஷனா? உங்களுக்காக நானும் ஒரு வருஷமா சீனி இல்லாத காப்பியக் குடிக்கேனே!" அவள் குரல் உடைந்து அழுகை வந்துவிட்டது.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி ஆறுதான ஆகுது தவமணி? எல்லாத்தையும் இப்பவே திட்டிட்டா, எட்டு மணிக்கு என்ன பண்ணுவ?"