கால் விரல் வரைக்கும்

“தப்பு பண்ணினவன்தான் காலைப் பிடிப்பான். நல்லாப் பார்த்துக்கோ” என்றார் செருப்புக் கடைக்காரர்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவில் மூக்கு பதிய அவரும் தம்பியும் நின்றிருந்தார்கள். உள்ளே கட்டிலில் அப்பா. அவருடைய இரண்டு பாதங்களையும் பிடித்தபடி குனிந்து நின்றார் அந்த இளம் டாக்டரம்மா.

“அண்ணே, நீயும்தான் நாள் பூரா ஊரார் காலைப் பிடிக்கிறே.”

“அது வியாபாரம்டா. இது வேற. ஊசியை மாத்திப் போட்டிருக்கும். நீ போன்ல வீடியோ எடு, வக்கீல்கிட்டக் காட்டலாம்.”

தம்பி எடுத்தார்.

காலையில் குளிர்ஜுரம் என்று கூட்டிவந்த அப்பா, மதியத்துக்குள் நினைவு தப்பிவிட்டார். ரத்த அழுத்தம் மடமடவென்று இறங்கிவிட்டது. எங்கேயோ ஒரு புண்ணிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்திருக்கிறது, எங்கே என்று தேடுகிறோம் என்று டாக்டர் சொன்னதைக் கடைக்காரர் பாதிதான் கேட்டார். மீதி நேரம் அவரே பேசினார்.

“எங்க அப்பாவுக்குப் புண்ணா? ராஜா மாதிரி வச்சிருக்கேன்” என்று, நர்ஸ் கழற்றிக் கொடுத்த ஷூ இருந்த பையைத் தூக்கிக் காட்டினார். “என் கடையிலேயே உசத்தி இது. அளவுகூட எடுக்கல. அப்பா கால் எனக்குத் தெரியாதா? இதைப் போடாம வாசல் தாண்ட மாட்டார்.”

உள்ளே டாக்டர் மெஷினில் எதையோ திருகினார். மறுபடி காலைப் பிடித்தார். மறுபடி திருகினார். மறுபடி கால்.

கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. டாக்டர் வெளியே வந்ததும் வழிமறித்தார்.

“எங்கப்பா கால்ல எத்தனை தடவை விழுவீங்க? என்ன தப்பு நடந்தது? இப்பவே சொல்லுங்க.”

டாக்டர் கோபப்படவில்லை. அதற்கு நேரமில்லை போலிருந்தது.

“சார், கிருமி பரவினதுல ரத்தக் குழாயெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. கிருமிக்கு மருந்து போகுது. குழாயை இறுக்கி, அழுத்தத்தை ஏத்த இன்னொரு மருந்து சொட்டுச் சொட்டாப் போகுது. குறைச்சலாப் போனா அழுத்தம் ஏறாது. அதிகமாப் போனா ஒரேயடியா இறுக்கி, விரல் நுனிக்கு ரத்தம் போகாது. திரையில இருக்கிற நம்பர் பாதிதான் சொல்லும். மீதியைக் கால்தான் சொல்லும். அதான் தொட்டுப் பார்க்கிறேன்.”

“என்ன சொல்லுது?”

“இப்போதைக்கு முழங்கால்லேர்ந்து ஐஸ் கட்டி. சூடு கீழே இறங்கணும். கால் விரல் வரைக்கும் வந்துட்டா அவர் நம்ம பக்கம்.”

தம்பி சத்தமில்லாமல் வீடியோவை நிறுத்தினார்.

அதற்கப்புறம் அந்தக் கண்ணாடிக் கதவை விட்டு யாரும் நகரவில்லை. டாக்டரின் கை முழங்காலில் இருந்து கீழே வருவதும் நிற்பதுமாக இருந்தது. கை நின்ற இடம்தான் எல்லை. அதுவரைக்கும் சூடு. ஒரு தரம் இறங்கிய எல்லை மறுபடி மேலே ஏறியபோது கடைக்காரர் தம்பியின் தோளை நசுக்கிவிட்டார். டாக்டர் மருந்தின் வேகத்தை மாற்றினார். எல்லை இறங்கத் தொடங்கியது.

“ஆடுசதை தாண்டியாச்சு” என்றார் தம்பி.

பின்னால் பெஞ்சில் இருந்த, யாருக்கோ காத்திருந்த பெரிய மீசைக்காரர் எழுந்து வந்து, எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று விசாரித்தார். கணுக்கால் பக்கம் என்றார்கள். அவர் போய்த் தன் ஆட்களிடம் சொன்னார். கொஞ்ச நேரத்தில் முன்பின் தெரியாத ஏழெட்டுப் பேர் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, யாரோ ஒருவரின் பாதத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“இடிக்காதீங்க சார், பெத்த பிள்ளை நானே பார்க்கல” என்றார் தம்பி.

டாக்டர் கட்டைவிரலைத் தொட்டார். அடுத்த விரல். அடுத்தது. சுண்டு விரலை நீண்ட நேரம் பிடித்திருந்தார். பிறகு நிமிர்ந்து, கண்ணாடிப் பக்கம் திரும்பி, தலையை ஆட்டினார்.

மீசைக்காரர் கடைக்காரரைக் கட்டிக்கொண்டார்.

அப்பா கண் திறந்ததும் ஒருவர் மட்டும் வரலாம் என்றார்கள். கடைக்காரர் பையோடு உள்ளே ஓடினார்.

“மன்னிச்சுக்கோங்கம்மா. என்னென்னவோ பேசிட்டேன்.”

“பரவாயில்ல சார். காலைத் தொட சாக்ஸைக் கழற்றினப்பவே புண் எங்கேன்னும் கண்டுபிடிச்சிட்டோம். இடது குதிகால். பஞ்சு வச்சு, பிளாஸ்திரி ஒட்டி, அதுமேல சாக்ஸ் போட்டு மறைச்சிருக்கார். ரொம்ப நாளா சீழ் பிடிச்சிருக்கு. வீட்டுல யாரும் பார்க்கலையா?”

கடைக்காரர் பையிலிருந்து இடது ஷூவை எடுத்து உள்ளே பார்த்தார். குதிகால் படுமிடத்தில் பழுப்பாகக் கறை. ஷூவைப் பாதத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எத்தனை கால் பார்த்த கண். அளவு ஒன்று குறைச்சல்.

“ஏம்பா சொல்லல?”

அப்பா ஆக்சிஜன் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினார். குரல் காற்றாகத்தான் வந்தது.

“முதல் நாளே இறுக்குதுன்னேனே, பெரியவனே. நீதான், போடப் போடச் சரியாயிடும்னே.”

கடைக்கு வருகிற எல்லோரிடமும் அவர் சொல்வது அதைத்தான்.

வெளியே கண்ணாடியில் மூக்கு பதிய நின்ற தம்பி பார்த்தார். அண்ணன் குனிந்து, அப்பாவின் இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டிருந்தார்.